கைதியும் கதாசிரியனும்

என் ஆரம்பகால நாவல் ஒன்றில் ஒருவன் வருகிறான். பதினைந்தாவது அத்தியாயத்தில் வந்து பதினாறாவது அத்தியாயத்தில் போய்விடுகிறவன். அவனைப்பற்றி நான் எழுதியது மொத்தம் ஆறேழு வரிகள்தான். சிவந்த கண்கள், சாராய நெடி, பெண்ணைக் கண்டதும் மிருகமாகிவிடுகிற சுபாவம். கதாநாயகிக்கு ஒரு விபத்து நேரவேண்டியிருந்தது. அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டான். மழை பெய்யவேண்டிய இடத்தில் மழை பெய்தது என்று எழுதுவதுபோல அவனையும் எழுதிவிட்டேன்.

புத்தகம் வெளிவந்து சில மாதங்கள் கழித்து ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. நாவலை அவர் புகழவுமில்லை, திட்டவுமில்லை. கடைசியில் மட்டும் ஒரு விஷயம் எழுதியிருந்தார். தன் பத்தாவது வயதில் தனக்கு அந்தக் கொடுமையைச் செய்தவனுக்குக் கண்கள் சிவந்திருக்கவில்லை. அவன் குடிக்கிறவன் அல்ல. தினம் சாயங்காலம் வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். வீட்டில் எல்லோருக்கும் வேண்டியவன். "உங்கள் நாவலைப் படித்திருந்தால் என் அம்மா அவனைச் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டாள்" என்று முடித்திருந்தார்.

என் எழுத்தைப்பற்றி வந்த விமரிசனங்களில் இவ்வளவு சரியான விமரிசனம் வேறு கிடையாது. அதற்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. அந்த உறுத்தலில்தான் நிக்கலஸ் க்ரோத் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணரின் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். நாவலாசிரியன் படிக்கவேண்டிய புத்தகம் என்று யாரும் அதைச் சொன்னதில்லை. நான் சொல்லுகிறேன்.

'மென் ஹூ ரேப்' என்ற அந்தப் புத்தகம் 1979ல் வெளிவந்தது; ஜீன் பெர்ன்பாம் என்பவருடன் சேர்ந்து எழுதியது. மாசசூசெட்ஸ், கனெக்டிகட் ஆகிய மாநிலங்களில் இந்தக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டவர்களோடு பல வருஷங்கள் உட்கார்ந்து பேசியவர் க்ரோத். 500 பேருக்கு மேற்பட்டவர்களின் அனுபவம் அந்தப் புத்தகத்துக்கு அடிப்படை. நடை வறண்ட நடைதான். ஆனால் நல்ல நாவலாசிரியன் கேட்கிற ஒரு கேள்வியை அவர் கேட்டார். இவன் என்ன செய்தான் என்பதோடு நிற்கவில்லை. அந்தக் காரியம் இவனுக்கு எதைக் கொடுத்தது என்று கேட்டார்.

கிடைத்த பதில் ஒன்றல்ல, மூன்று. முதல் வகை கோபம். மனைவியோடோ, மேலதிகாரியோடோ சண்டை. உலகமே தன்னை ஏய்த்துவிட்டது என்ற கசப்பு. அந்தக் கசப்பை யார்மீதாவது கொட்டவேண்டும். எதிரில் அகப்பட்டவள் மீது கொட்டுகிறான். அடக்குவதற்குத் தேவையான பலத்தைவிடப் பல மடங்கு அதிகமாக அடிக்கிறான். வாயில் வருவதெல்லாம் வசவு. அவனுக்கு அது சுகமே அல்ல. அவளைக் கேவலப்படுத்தத் தனக்குத் தெரிந்த கடைசி ஆயுதமாக அதை உபயோகிக்கிறான்.

இரண்டாவது வகை அதிகாரம். இவன் அடிப்பதைவிட மிரட்டுவதே அதிகம். மனசுக்குள் பல நாள் ஒத்திகை பார்த்த காரியம் இது. அந்த ஒத்திகையில் அவள் முதலில் மறுப்பாள், பிறகு மயங்குவாள். நிஜத்தில் அவள் மயங்குவதில்லை, அழுகிறாள். ஆகவே தனக்குப் பிடித்திருந்தது என்று அவளைச் சொல்லவைக்கிறான். மறுபடி எப்போது சந்திக்கலாம் என்று கேட்டவர்கள்கூட உண்டு. தான் ஆண்பிள்ளைதானா என்ற சந்தேகம் தீராததால் மறுபடி ஒருத்தியைத் தேடிப்போகிறான்.

மூன்றாவது வகை குரூரம். பிறர் வலியே இவனுக்குச் சுகம். திட்டமிட்டுச் செய்கிறவன், சடங்குபோலச் செய்கிறவன். பத்திரிகைகள் வாரக்கணக்கில் எழுதுவது இவனைப்பற்றித்தான். ஆனால் க்ரோத்தின் கணக்கில் இவன் 100க்கு ஏறக்குறைய 5 பேர். அதிகாரவகை 55, கோபவகை 40.

இதில் காமம் எங்கே? நானும் அதைத்தான் தேடினேன். க்ரோத் பேசிய கைதிகளில் மூன்றில் ஒரு பங்கினர் கல்யாணமானவர்கள். குற்றம் செய்த காலத்தில் மனைவியோடு தாம்பத்தியம் நடத்திக்கொண்டிருந்தவர்கள். 1977ல் தண்டனை பெற்ற 170 பேரைப்பற்றி அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய ஆராய்ச்சியில், மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்தச் சமயத்தில் உடம்பே ஒத்துழைக்கவில்லை என்று தெரியவந்தது. காமவெறி பிடித்து அலைந்தான், ஒரு பெண் எதிர்ப்பட்டாள் என்று நாம் எழுதுகிறோமே, அந்தக் கதையில் இந்தக் கைதிகளில் பெரும்பாலோருக்கு இடமில்லை. பசித்தவன் திருடினான் என்பதுபோன்ற கதை அது. இவர்கள் பசித்தவர்கள் அல்ல.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம் மரபுக்கு அந்நியம் என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை நேர்மாறானது என்றே எனக்குத் தோன்றுகிறது. மகாபாரதத்தைப் பாருங்கள். திரௌபதி ஒருத்தியை மூன்றுபேர் மூன்று இடத்தில் பலவந்தம் செய்ய முனைகிறார்கள். மூவரும் ஒரேமாதிரி மனிதர்களா?

அவளைச் சபைக்கு இழுத்துவரச் சொல்லும்போது துரியோதனனுக்குக் காமம் இல்லை. மயசபையில் வழுக்கி விழுந்த அவமானம் இருக்கிறது. பாண்டவர்கள் மேல் தீராத பொறாமை இருக்கிறது. ஐந்து கணவர்களையும் பார்க்கவைத்து அவர்களை அவள் மூலமாக அடிக்கிறான். க்ரோத் சொல்லும் கோபம் அதுதான். விராட நகரத்துக் கீசகன் வேறு ரகம். ராணியின் தம்பி, சேனாதிபதி. ஒரு பணிப்பெண் தன்னை வேண்டாம் என்று சொல்லமுடியும் என்பதே அவன் புத்திக்கு எட்டவில்லை. ராணியே அவளை அவன் மாளிகைக்குப் பாத்திரம் கொடுத்து அனுப்புகிறாள். சபை நடுவில் அவளை உதைக்கிறான். அரசன் பேசாமல் இருக்கிறான். இது அதிகாரம். காட்டில் அவளைத் தனியாகக் கண்டு தேரில் ஏற்றிக்கொண்டு போன ஜயத்ரதன் இந்த இருவரும் அல்ல. சந்தர்ப்பம் கிடைத்தது, செய்தான். பிடிபட்ட பிறகு அவனுக்குக் கிடைத்த தண்டனை என்ன? தலையில் ஐந்து குடுமி வைத்துச் சிரைத்து அனுப்பிவிடுகிறார்கள். துச்சளையின் புருஷன், குடும்பத்து மாப்பிள்ளை, விட்டுவிடு என்கிறார் தர்மர். அப்படி விடப்பட்டவன்தான் பிற்பாடு அபிமன்யு சாகும் நாளன்று வியூகத்தின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான். குடும்ப மானத்துக்காக விஷயத்தை அமுக்கிவிடுவது என்ற வழக்கத்தை வியாசர் எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்!

ஆக, இதிகாசத்துக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. அதை மறந்தது தொடர்கதையும் சினிமாவும்தான். அவற்றைப் பார்த்து எழுதிய என்னைப்போன்றவர்கள்தான். மூன்று மனிதர்களைச் சேர்த்து உருட்டி ஒரு வில்லனாக்கி, அவனுக்குக் கண்களைச் சிவக்கவைத்தோம். இதில் கலைக்கு மட்டும் நஷ்டம் என்றால் நான் இவ்வளவு தூரம் எழுதமாட்டேன். காரணம் காமம்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடுகிறது: அவனுடைய காமத்தைத் தூண்டியது எது? அவள் உடுத்தியிருந்தது என்ன, எத்தனை மணிக்கு, யாரோடு போனாள்? கோர்ட்டுகளிலும் திண்ணைகளிலும் கேட்கப்படுகிற அந்தக் கேள்விக்குக் கதாசிரியர்களாகிய நாமும் துணைபோயிருக்கிறோம். மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய ஆத்திரத்தை ஒரு பெண்மீது தீர்த்துக்கொண்ட கைதியிடம் போய், அவள் புடவையைப்பற்றிக் கேட்பதில் அர்த்தம் உண்டா?

நம் பாஷையே இந்த விஷயத்தில் நமக்கு எதிரி. 'கற்பழிப்பு' என்ற சொல்லை எத்தனை வருஷங்களாக உபயோகித்தோம்! அந்தச் சொல்லுக்குள் செய்தவன் எங்கேயும் இல்லை. அவளிடமிருந்த ஏதோ ஒன்று அழிந்துபோயிற்று என்பதுதான் அதன் அர்த்தம். இப்போது 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுகிறார்கள். காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது. ஆனாலும் கொடுமை என்று சொன்னவுடன் கொடுமை செய்தவன் ஒருவன் வந்துவிடுகிறானே, அது பெரிய லாபம்.

தமிழில் இந்த வில்லனைக் கைவிட்டவர் ஜெயகாந்தன். 1966ல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையில் காரில் வருகிறவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. பயங்கரமான முகமும் கிடையாது. அந்தக் கதை கிளப்பிய விவாதம் முழுவதும் பெண்ணைப்பற்றியும், தாய் அவள் தலையில் ஊற்றிய தண்ணீரைப்பற்றியும்தான். அவன் யார் என்று கேட்டவர்கள் குறைவு. ஜெயகாந்தனே கேட்டார். 1970ல் வெளிவந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அவனுக்குப் பிரபு என்று பெயர் கொடுத்து, மனைவி மக்கள் கொடுத்து, பன்னிரண்டு வருஷம் கழித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். பார்த்தால் பலவீனமான ஆள், செல்லத்தில் கெட்டவன், தன்னைப்பற்றித் தனக்கே மதிப்பில்லாதவன். அவன்மேல் ஆசிரியருக்கு இரக்கம் அதிகமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் ராட்சசனைத் தேடிப்போனவர்களுக்கு ஒரு மனிதனைக் காட்டிய காரியம் சாமானியமானது அல்ல. பல வருஷங்களுக்குப் பிறகு தில்லி திகார் சிறையில் தண்டனை பெற்ற 100 பேருக்கு மேல் பேட்டி கண்ட மதுமிதா பாண்டே என்ற ஆராய்ச்சி மாணவியும், ராட்சசர்களைச் சந்திக்கப் போவதாக எண்ணிப் போய்ச் சாதாரண மனிதர்களைத்தான் பார்த்ததாக 2017ல் சொன்னார். சம்மதம் என்றால் என்ன என்பதே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை.

இனி என் வாசகியின் கணக்கு வாத்தியாருக்கு வருகிறேன். குழந்தைகளிடம் குற்றம் செய்தவர்களைக் க்ரோத் தனியே பிரித்தார். அவர்களிலும் இரண்டு பேர். ஒருவன் வாலிப வயதிலிருந்தே குழந்தைகளிடம் மட்டும் நாட்டமுள்ளவன். குழந்தைகளோடு குழந்தையாகப் பழகுவான். பரிசு கொடுப்பான், பாடம் சொல்லுவான், ரகசியம் பேசுவான். பலாத்காரம் அவனுக்குத் தேவையே இல்லை. நம்பிக்கையைச் சம்பாதித்து அதைச் செலவு செய்கிறான். மற்றவன் பெரியவர்களின் உலகத்தில் வாழ்ந்துகொண்டிருந்தவன். வேலை போயிற்று, மனைவியோடு பிணக்கு, குடி, ஏதோ ஒரு சரிவு. அப்போது வீட்டிலேயே கைக்கெட்டும் குழந்தையிடம் திரும்புகிறான். இருவருக்கும் காவல் வேறு, சிகிச்சை வேறு. இருவரிடத்திலும் பொதுவாக ஒன்று உண்டு: வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. இந்தியாவில் வருஷாவருஷம் பதிவாகும் பலாத்கார வழக்குகளில் 100க்கு 90க்கு மேல் குற்றவாளி தெரிந்தவன்தான் என்று அரசாங்கத்தின் குற்றப் புள்ளிவிவரமே சொல்கிறது.

இந்த முதல் வகையை இலக்கியத்தில் ஒரே ஒருவர் உள்ளிருந்து எழுதிக் காட்டினார். நபக்கோவின் 'லோலிடா' 1955ல் பாரிஸில் வெளியாயிற்று. கைதி எழுதிய வாக்குமூலமாகவே நாவல் அமைந்திருக்கிறது. அவனைச் சிறையில் வைத்தது கொலைக்காக. அந்தச் சிறுமிக்குச் செய்ததற்காக அல்ல. தாயைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்குள் நுழைகிறான். கைதிகள் மருத்துவரிடம் சொல்லும் சமாதானங்களையெல்லாம் அவனும் சொல்லுகிறான், அழகான பாஷையில். அவள்தான் முதலில் என்கிறான்; இது காதல் என்கிறான்; தன் பால்யகால நஷ்டம் ஒன்றைக் காரணம் காட்டுகிறான். அந்தப் பாஷையில் மயங்கி அதைக் காதல் கதை என்று சொன்ன படித்தவர்கள் எத்தனைபேர்! ராத்திரிகளில் அவள் அழுத அழுகையையும் அவனேதான் சொல்லுகிறான். பேச்சில் மயங்கியவர்கள் காதில் அது விழவில்லை. வாத்தியாரை நம்பிய தாயின் நிலையில் வாசகனை வைத்துக் காட்டியதுதான் அந்த நாவலின் சாதனை.

க்ரோத்தை இப்படிப் புகழ்ந்துவிட்டு அவர் புத்தகத்தின் குறைகளைச் சொல்லாமல் விட்டால் விமரிசனம் ஆகாது. தண்டனை பெற்றவன் என்பது மனோதத்துவம் வகுத்த இனம் அல்ல. சட்டமும் போலீஸும் சேர்ந்து வகுத்த இனம். அகப்படாதவன் அந்த 500 பேரில் இல்லை. 1965ல் கின்ஸி ஆராய்ச்சிக் கழகத்துக் கெப்ஹார்ட் முதலியவர்கள் தண்டனை பெற்ற 1,500 பேருக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து வகை பிரித்து ஒரு பெரிய நூல் எழுதினார்கள். அதில் குழந்தையைக் கெடுத்தவனுக்குப் பக்கத்திலேயே, மனமொத்து இன்னொரு ஆணோடு வாழ்ந்தவனும் குற்றவாளி என்று உட்கார்ந்திருக்கிறான். அன்றைய சட்டம் அப்படி. நம் நாட்டில் அந்தச் சட்டம் 2018ல்தான் சுப்ரீம் கோர்ட்டில் விழுந்தது. மனைவியைப் பலவந்தம் செய்கிறவனோ, அவளுக்கு 18 வயது நிரம்பியிருந்தால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் பலாத்காரக் குற்றவாளி அல்ல. அவன் எந்த வகை என்று யார் ஆராய்வது?

வகைகளும் அவ்வளவு கறாராக நிற்கவில்லை. மாசசூசெட்ஸிலேயே நைட், ப்ரென்ட்கி என்ற இருவர் வருஷக்கணக்காகக் கைதிகளின் குறிப்புகளைச் சோதித்து 1990ல் மூன்றை ஒன்பதாக்கினார்கள். சந்தர்ப்பம், எங்கும் பரவிய கோபம், பாலுணர்ச்சி, பழிவாங்கும் எண்ணம் என்று நான்கு தூண்டுதல்கள், அவற்றுக்குள் உட்பிரிவுகள். க்ரோத் ஏறக்குறைய வெளியே தள்ளிய பாலுணர்ச்சி அதில் சிலருக்கு மட்டும் திரும்ப வந்தது. எல்லோருக்கும் அதுதான் காரணம் என்பது எவ்வளவு தவறோ, யாருக்குமே அது காரணமல்ல என்பதும் அவ்வளவு தவறு. ஒரே ஆள் இரண்டு வகையிலும் கால் வைத்திருப்பதும் உண்டு. மனிதர்கள் பெட்டிக்குள் அடங்குவதில்லை என்று தெரிந்துகொள்ள நாவலாசிரியனுக்குப் புள்ளிவிவரம் தேவையில்லைதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் புள்ளிவிவரம் நாவலாசிரியனின் தலையில் குட்டுகிறது. 1998ல் ஹான்ஸன், புஸ்ஸியேர் என்ற கனடா நாட்டார் இருவர் 61 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தண்டனை பெற்று வெளிவந்தவர்களில், நாலைந்து வருஷத்துக்குள் மறுபடி அதே வகைக் குற்றத்தில் அகப்பட்டவர்கள் 100க்கு 13 பேர் சுமார். பெண்களைப் பலவந்தம் செய்தவர்களில் ஏறக்குறைய 19; குழந்தைகளிடம் குற்றம் செய்தவர்களில் ஏறக்குறைய 13. மறுபடி செய்யப்போகிறவனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் எது என்றும் பார்த்தார்கள். குழந்தைகளிடத்தில் நாட்டம் போன்ற பிறழ்ந்த இச்சை ஒரு அடையாளம். வேறு குற்றங்களிலும் ஊறிய வாழ்க்கை இன்னொன்று. குற்றத்தை ஒப்புக்கொள்ள மறுப்பதும், பாதிக்கப்பட்டவளிடம் இரக்கமின்மையும் அடையாளங்களாக நிற்கவில்லை. அழுதவன் திருந்தினான், அழாதவன் திருந்தவில்லை என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

நாவல் என்ற கலையே பச்சாத்தாபத்தின்மேல் கட்டப்பட்டதாயிற்றே! கடைசி அத்தியாயத்தில் பாவி அழவேண்டும், வாசகனும் அழவேண்டும். இந்த ஆபத்தை அறிந்தவர் டாஸ்டாவ்ஸ்கி. 'பேய் பிடித்தவர்கள்' நாவலில் ஸ்தவ்ரோகின் ஒரு சிறுமியைக் கெடுத்ததையும், அவள் தூக்குப்போட்டுக்கொண்டு சாகும்வரை தான் காத்திருந்ததையும் எழுதி அச்சடித்துக்கொண்டு டிகோன் என்ற துறவியிடம் வருகிறான். பத்திரிகை ஆசிரியர் பிரசுரிக்க மறுத்த அந்த அத்தியாயம் 1922ல்தான் வெளிவந்தது. துறவி படித்துவிட்டு உருகிப்போகவில்லை. இந்த ஒப்புதலிலேயே அகம்பாவம் இருக்கிறது என்று கண்டுகொள்கிறார். இதை வெளியிடும் அவமானத்திலிருந்து தப்பிக்க நீ இன்னொரு குற்றம் செய்வாய் என்று பயப்படுகிறார். சிறை மருத்துவர்கள் நூறு வருஷத்துக்குமேல் கழித்துக் கண்ணீரை நம்பாதே என்று சொன்னதை அந்தக் கிழவர் ஒரே சந்திப்பில் சொல்லிவிட்டார்.

குற்றவாளியைப் புரிந்துகொள்ளவேண்டும் என்று நான் சொல்வதை, அவனை மன்னிக்கவேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பாம்புகளில் வகை தெரிந்துவைத்திருக்கிறவன் பாம்புக்குச் சினேகிதன் அல்ல. எது எந்தப் பொந்தில் இருக்கும், எந்த நேரத்தில் வரும் என்று தெரிந்தால்தான் வீட்டைக் காக்கமுடியும். எல்லாப் பாம்பும் படமெடுத்துச் சீறும் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால், படமெடுக்காத விரியனை அது கையில் எடுக்கும்.

என் நாவல் மறுபதிப்புக்கு வந்தபோது அந்த ஆறேழு வரிகளைத் திருத்தப் பார்த்தேன். கண்களின் சிவப்பை எடுத்தேன், சாராய நெடியை எடுத்தேன். மிச்சம் ஒன்றுமே இல்லை. அங்கே ஒரு மனிதனை நான் எழுதியிருக்கவே இல்லை. ஆகவே பழையபடியே விட்டுவிட்டு, முன்னுரையில் அந்தப் பாத்திரம் பொய் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த அம்மாளுக்கு நான் எழுதாமல் விட்ட பதில் அந்த ஒரு வரிதான். அவர் பார்த்தாரோ என்னவோ.